சோதனைக்காலம்

கரையில் தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
என் கணினியில் இருந்த மென்பொருளுக்குச்
சோதனைக்காலம் முப்பது.
இரண்டும் ஒரே தேதியில் தொடங்கின.
முப்பத்தோராம் நாள் காலை
மஞ்சக்குப்பம் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால்
திரையில் ஒரு சாம்பல் பெட்டி:
வாங்கு, அல்லது வெளியேறு.

பதினோராயிரத்துச் சொச்சம்.
முதலாளி அருள்நேசன் விலையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

பட்டியல் அப்படியே கிடந்தது.
சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி,
தடைக்கால நிவாரணத்துக்கு
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெயர்.
மூன்று பேர் மூன்று எழுத்துருவில் அடித்தது.
ஒன்றில் திறந்தால் மற்ற இரண்டும்
நண்டு நடந்த மணல்.

பக்கத்துக்கடை இம்தியாஸ்
பூட்டு உடைத்த பிரதி ஒன்றை பென்டிரைவில் தந்தான்.
அது நுழைந்த மறுநிமிடம்
ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு போலி முளைத்தது.
சாயங்காலம்வரை களை பிடுங்கினேன்.

அப்புறம்தான் தேடினேன்.
இலவசம் என்று அடித்தால் பக்கம் பூரா இலவசம்,
பச்சைப் பொத்தான்,
அமுக்கினால் இன்னொரு பச்சைப் பொத்தான்,
அதற்கும் பின்னால்
கார்டு எண் கேட்கும் ஒரு கட்டம்.
எட்டாவதோ ஒன்பதாவதோ முறை
படமே இல்லாத ஒரு வெறும் பக்கம்.
நான்கு எம்.பி.
டீ ஆறுவதற்குள் செல்போன் நெட்டில் இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டு விலையில்லா மிக்சியில்
இன்னும் ஒரு முகம் சிரிக்கிறது.
இதில் முகமே இல்லை.
கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கோடு.
உரிமத்தை முழுக்கப் படித்தேன்,
பிழை திருத்திப் பிழைப்பவள், பழக்கம்.
எடுத்துக்கொள். பிரித்துப் பார். மாற்று. பிறருக்குக் கொடு.
உத்தரவாதம் எதுவும் கிடையாது.
கடைசி வரி பிடித்திருந்தது.

முதல் வேலை சின்னது:
இனிஷியலுக்குப் பின்னால் நிற்கும் புள்ளியை எடுக்க வேண்டும்.
புள்ளியை நீக்கு என்று எழுதினேன்.
நீக்கியது.
சங்கத் தலைவர் தொடங்கிக் கடைசி வலைக்காரர்வரை
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு
வெற்று வரி.

நமக்குப் புள்ளி என்றால் உயிர் போன மெய்.
அதற்குப் புள்ளி என்றால்
எந்த எழுத்தும்.
புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டுமாம்,
நான் கேட்பது புள்ளியைத்தான் என்று சொல்ல.
மூலப்படி சங்கத்து மெயிலில் இருந்தது. பிழைத்தேன்.

அன்று இரவு 'கொ' ஒன்றைத் திருத்தப் போய்
க மட்டும் கழன்றுவிட்டது.
கொம்பும் காலும்
புள்ளிவட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
திரையில் மிதந்தன.
பாவமாகத்தான் இருந்தது.

இருநூற்றுப் பதினேழு வரி மாற்று அட்டவணை,
நான்கு நாள்.
மூன்று எழுத்துருவும் ஒன்றாயிற்று.
இரட்டைகளைக் கழி என்றேன்.
முப்பத்தைந்து பெயர் உதிர்ந்தது.
அருள்நேசன் பிரிண்டரில் தாள் அடுக்கினார்.

உதிர்ந்ததைத் தனிக் கோப்பில் போட்டு வைத்திருந்தேன்.
சி நாகவல்லி, மேற்குத்தெரு, சிங்காரத்தோப்பு.
மேலே இருப்பவளும்
சி நாகவல்லி, மேற்குத்தெரு, சிங்காரத்தோப்பு.
எழுத்து பிசகவில்லை, இடைவெளி பிசகவில்லை.
அதுவே என்னவோ செய்தது.
போன் போட்டேன்.
"ஒருத்தி சின்னதம்பி பெண்டாட்டி, ஒருத்தி சித்திரவேலு மக.
ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு முருங்கைதான்."

அதற்கென்று ஆணை எழுதவில்லை.
கையால் அடித்தேன்:
சி நாகவல்லி, த/பெ சித்திரவேலு.
ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.
பிரிண்டரை நிறுத்தச் சொன்னேன்.
இன்னும் முப்பத்து நான்கு பேரைக் கேட்க வேண்டும்,
தடை முடிய இருபத்தாறு நாள்.

நடுவில் இம்தியாஸ் வந்தான்.
அதே பென்டிரைவைக் கழுவி
நான்கு எம்.பி.யையும் ஏற்றிக் கொடுத்தேன்.
"எவ்ளோக்கா?"
உத்தரவாதம் கிடையாது என்றேன்.